யாருடா விழுந்தது?

தண்ணீர் ஐம்பத்தைந்து டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டதென்று எங்கள் மீன்பிடி கிளப் கூட்டத்தில் டெல்மர் அறிவித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

மனிதன் விழுந்தால் மூச்சே நின்றுபோகிற குளிர்தான் அது. ஆனால் பாஸ் மீனுக்கு அதுதான் வசந்தம். குளிர்காலம் முழுக்க ஆழத்தில் அசையாமல் கிடந்தவை அந்தச் சூட்டுக்கு எழுந்து, முட்டையிட இடம் பார்த்து மேட்டுப் பக்கம் வரும். சிப்சாவா ஏரியில் நாங்கள் வருஷா வருஷம் நடத்தும் முதல் போட்டி அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நடக்கிறது. மீட்புக் குழுவில் முக்குளிக்கும் ஆளும் என்னிடம் அதையேதான் சொல்லியிருந்தார், வேறு விதமாக. "இன்னும் கொஞ்சம் தண்ணி சூடாகட்டும்மா. அப்ப அவரே மேல வந்துடுவாரு."

அவர் சொன்ன 'அவர்' என் தம்பி ஹாய்ட். ஒரு மாதத்துக்கு மேலாக அவன் அந்த ஏரிக்குள் எங்கோ கிடந்தான்.

போட்டி வரும் சனிக்கிழமை. நூறு படகு ஏரியில் நிற்கும். கரையெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்த கூட்டம் இருக்கும். அவர்கள் நடுவில் அவன் மிதந்து வரக்கூடாது. அதற்கு முன்னால் நான் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் போட்டிப் பட்டியலில் ஹாய்ட் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னேன். கோப்பையை யாராவது கொண்டுபோகட்டும்.

டெல்மர் எங்கள் கிளப்பின் தலைவர்; நல்ல மனிதர்தான், மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார். "வெர்னா, நீ ஸ்கூல் பஸ் ஓட்டறவ. ஹாய்ட் படகு அறுபது மைல் வேகம் போகும், தெரியுமில்ல?" என்றார்.

"நாப்பது பிள்ளைங்களோட மலையில பஸ் ஓட்டறேன் டெல்மர். அந்தப் படகு வாய மூடிக்கிட்டாவது போகும்" என்றேன். சிரித்தார்கள். துக்க வீட்டுக்காரி ஜோக் அடித்தால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

ஹாய்டின் கூட்டாளி ராய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வருஷம் அவர்கள் இருவரும் ஒரே படகில் போட்டிக்குப் போனவர்கள். மனைவி போன பிறகு ஏரிக்கரையில் தனி வீடு, தனிப் படகுத்துறை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இனி என்னோடு கூட்டாளியாக வருவதாக அவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. பெயர் கொடுத்துவிட்டால் போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் யாரும் ஏரியில் படகு இறக்கக்கூடாது. கடைசி மூன்று நாள் மட்டும் எல்லோருக்கும் பயிற்சிக்குத் திறப்பார்கள். மீறினால் பெயரை அடிப்பார்கள். அதைவிட, ஊரில் திருட்டுப்பயல் என்கிற பட்டம் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். ஹாய்ட் பிப்ரவரிக் கடைசியில், ஏரி மூடியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, படகை இறக்கியிருக்கிறான். மதியம் அணைப் பக்கம் பாறையில் முட்டிக்கொண்டு படகு கிடந்தது. ஆள் இல்லை. போட்டியைத் தள்ளிவைத்தார்கள். அணைப் பக்கம் முழுக்கத் துழாவினார்கள். கிடைக்கவில்லை.

அப்புறம் நடந்த கூட்டத்தில் ராய்ஸ் எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவன் கேக்கல" என்றார். அவ்வளவுதான். என் தம்பி அன்று இரண்டாவது தடவை செத்தான். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. செத்தவனை மன்னித்துவிட்டோம் என்கிற முகத்தோடு எனக்குக் கெளுத்தி வறுவலும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை அந்த முகங்களிலேயே எறியலாம்போல இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாய்டுக்குக் கட்டைவிரல் தடி. தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்ட படகில் இருக்கும் சோனார் திரையில், மீன் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்க ஒரு பட்டன் உண்டு. லேசாகத் தட்டினால் சின்னக் கொடி ஒன்று விழும். கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பிடித்துவிட்டால் கை தூக்கிய சிவப்புப் பொம்மை வந்து, 'ஆள் தண்ணீரில்' என்று எழுதிக்கொண்டு நீளமாகக் கத்தும். ஒருவன் படகிலிருந்து விழுந்தால் விழுந்த இடம் தவறாமல் இருக்க வேண்டுமென்று வைத்த வசதி. ஹாய்ட் ஜென்மத்தில் ஒரு கொடி போட்டதில்லை. நல்ல மீன் கண்ட இடத்திலெல்லாம் பொம்மைதான். படகு கத்தும்போதெல்லாம் ராய்ஸோ நானோ, "யாருடா விழுந்தது?" என்போம். "நான்தான், வந்து தூக்குங்க!" என்பான் அவன். இருபது வருஷமாக அதே ஜோக், அதே சிரிப்பு.

விசாரிக்க வந்த துணை ஷெரிப் அந்தத் திரையைப் போட்டுப் பார்த்தபோது ஏரி முழுக்கக் கை தூக்கிய சிவப்பு மனிதர்கள். மனிதர் அரண்டுபோனார். நான்தான் விளக்கம் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். எல்லாம் பழசு. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதியில் ஒன்றுகூட இல்லை.

கூட்டம் முடிந்து ராய்ஸ் என் சமையலறைக்கு ஏரி வரைபடத்தோடும் ஒரு பை அவித்த வேர்க்கடலையோடும் வந்தார். திட்டம் போட உட்கார்ந்தோம். காலையில் அணைப் பக்கப் பாறைகள். வெயில் ஏறினால் கீழ்க்கரைச் செம்மண் மேடு, நன்னீர் இறால் நிறத்துப் பொய் இரை. மதியத்துக்கு மேல் காற்றடித்தால் படகுத்துறைகளின் நிழல். பென்சிலால் அழகாக வட்டம் வட்டமாகப் போட்டார்.

"மில் கிளைய விட்டுட்டீங்களே" என்றேன். ஏரி வடமேற்கில் நீட்டியிருக்கும் கை அது. நாள் முழுக்கத் தெற்கு வெயில் விழும். ஏரியிலேயே முதலில் சூடாகும் தண்ணீர். முன்னொரு வசந்தத்தில் ஹாய்டும் இவரும் ஜெயித்ததே அங்கேதான்.

"அங்க ஒண்ணுமில்ல தாயே. தண்ணி கலங்கிக் கெடக்கு."

"மழையே பெய்யல. எப்படிக் கலங்கும்?"

அவர் ஒரு கடலையை உரித்தார். உள்ளே இருந்ததைத் தின்னாமல் மேசைமேல் வைத்தார். இன்னொன்றை உரித்தார். "ஹாய்ட் ஞாபகம் வருது வெர்னா. அங்க வேண்டாம்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. சரி என்றேன்.

புதன்கிழமை ஏரி திறந்தது. கரையோர டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. தண்ணீர்மேல் புகைபோல மூடுபனி. ஹாய்டின் படகை இறக்கினோம். திரையைப் போட்டதும் பொம்மைகள் வரிசையாக எழுந்தன. ராய்ஸ் அந்தப் பக்கம் பார்க்காமல் தூண்டில் கோல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியில் நாங்கள் மீனைக் குத்துவதில்லை. குத்துப்பட்ட மீன் சனிக்கிழமை வாயைத் திறக்காது. அதனால் தூண்டில் முள்ளின் நுனியை வெட்டிவிட்டு வீசுவோம். கீழே ஏதோ வந்து தட்டும், ஒரு இழு இழுக்கும், விட்டுவிடும். என்னவென்று பார்க்க முடியாது. இருக்கிறது என்று மட்டும் தெரியும். அன்று ஒவ்வொரு தட்டலுக்கும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹாய்டைத் தேடுகிறேன் என்று ராய்ஸிடம் நான் சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன், மீனைப் பார்ப்பதாக அவர் நினைத்திருப்பார்.

படகின் முன்னால் தொங்கும் சின்ன மின் மோட்டார்தான் மீன் பிடிக்கும்போது படகைப் பிடித்துவைத்திருக்கும். நில் என்று ரிமோட்டில் சொன்னால் நங்கூரம் போட்டதுபோல அதே இடத்தில் நிற்கும். பாறைப் பக்கம் அப்படித்தான் நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் படகின் மூக்கு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது.

"காத்து" என்றார் ராய்ஸ்.

காற்றே இல்லை. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. அவர் திருப்பி நிறுத்தினார். மூக்கு மறுபடி திரும்பியது, அதே வடமேற்கு. மோட்டார் முனகிக்கொண்டு இழுக்கப் பார்த்தது, கட்டிப்போட்ட நாய் இழுப்பதைப்போல.

"ரிமோட் உன் கையில இருக்கா?"

"உங்க பாக்கெட்டுல இருக்கு."

அவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் திரை நீளமாகக் கத்தியது. பழக்கதோஷம், யோசிக்கக்கூட இல்லை, "யாருடா விழுந்தது?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

ராய்ஸின் கையிலிருந்த கோல் படகுக்குள் விழுந்து உருண்டது. நாங்கள் இருவருமே பட்டன் பக்கம் போகவில்லை. அவர் எட்டிப் பாய்ந்து திரையை அணைத்துவிட்டார். "பழைய மிஷினு. கம்பிக்குள்ள ஈரம் போயிருக்கும். போதும் இன்னிக்கி" என்றார். பட்டப்பகல், மற்றவர்கள் எல்லாம் அப்போதுதான் பயிற்சியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகு மட்டும் கரைக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை நான் போனபோது ராய்ஸ் எனக்கு முன்னால் படகில் குந்தியிருந்தார். திரையையும் மின் மோட்டாரையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். "இனிமே ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது" என்றார். முகம் தூங்காத முகம்.

கீழ்க்கரைச் செம்மண் மேட்டுக்குப் போனோம். நான் இரண்டு வீச்சு வீசியிருப்பேன். மோட்டார் தானே முனகியது. மூக்கு திரும்பியது. கம்பி இன்னும் ராய்ஸின் மடியில்தான் இருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார், பிறகு மோட்டாரைப் பார்த்தார்.

எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் வேறு மாதிரி. யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் காது கேட்காதவள்போல நிற்கிறேன் என்கிற பயம்.

"விடுங்க. எங்கதான் போகுதுன்னு பாப்போம்" என்றேன்.

"வேண்டாம் வெர்னா. பேட்டரிய கழட்டிடறேன்."

"தொடாதீங்க."

"அந்த இடத்துல ஒரு மீனும் கெடையாது. சொன்னா கேளு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "எந்த இடத்துல?"

அவர் கம்பியை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

"படகு இப்பதான் மூக்கத் திருப்பியிருக்கு. அந்தப் பக்கம் பாதி ஏரி கெடக்கு. எந்த இடம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படகு ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வழியில் இரண்டு படகுக்காரர்கள் கை ஆட்டினார்கள்; நானும் ஆட்டினேன். நெடுநேரம் போனோம். மில் கிளையின் வாயில் திரும்பியபோது ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், சர்ச்சுக்குள் நுழைகிறவர்போல.

கிளையின் நடுவில் மோட்டார் சத்தத்தை நிறுத்தி, படகை நிறுத்திப் பிடித்தது.

திரையில் அடித்தரை தெரிந்தது. அதன்மேல் நீளமாக ஏதோ ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி ஐந்தாறு பெரிய பாஸ்கள், அசையாமல், எல்லாவற்றின் தலையும் அதன் பக்கமே. தரையில் தனியாக எது கிடந்தாலும், மரமோ டயரோ, பாஸ் அதை அண்டிக்கொண்டுதான் நிற்கும். நாங்களே அதற்காகக் கிறிஸ்துமஸ் மரங்களைக் கொண்டுபோய் மூழ்கடிப்போம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் நெஞ்சு முதலில் அந்த மீன்களுக்காகத்தான் துள்ளியது. கோலை எடுத்து வீசியும்விட்டேன்.

இரை இறங்கியது. தட்டல் இல்லை. கயிறு மெதுவாகக் கனத்தது. மீன் இழுப்பதுபோல இல்லை; கை தெரியாத இடத்தில் யாரோ விரல்களுக்கிடையில் கயிற்றைப் பிடித்துப் பார்ப்பதுபோல. பிறகு விட்டது.

திரை கத்தியது. அந்த நீளமான உருவத்துக்கு நேர் மேலே ஒரு சிவப்புப் பொம்மை கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டேன். தேதி வந்தது. பிப்ரவரி, அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை நேரம்.

"இது இல்லியே" என்றேன். "ஷெரிப் ஆளு ஒண்ணுவிடாம பார்த்தாரே. நானும் பக்கத்துல நின்னேனே. இந்தத் தேதியில ஒண்ணுமே இல்லியே."

"நான் அழிச்சிட்டேன் அத" என்றார் ராய்ஸ். குரல் எங்கிருந்தோ வந்தது. "அன்னிக்கே அழிச்சிட்டேன், வெர்னா. என் கையால."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. விழுந்தவன் தண்ணீருக்குள் இருக்கிறான். பட்டனை அழுத்த ஒருவன் படகில் இருந்திருக்க வேண்டும்.

இதுவரை அவரை அவர் என்று சொல்லிவந்தேன். இனி என் வாயில் வராது.

அவன் சொன்னான். மூடிய ஏரிக்கு இருவருமாகத்தான் போயிருக்கிறார்கள். யோசனை ராய்ஸுடையதுதான். ஹாய்ட் முன் மேடையில் நின்று, பெரிய மீன் ஒன்றைப் பார்த்துக் குனிந்திருக்கிறான். கால் வழுக்கியது. கனத்த குளிர்கால உடுப்பு, முழங்கால்வரை பூட்ஸ், மிதவைச் சட்டையைக் கழற்றிவைத்திருந்தான். ஒரு தடவை மேலே வந்தானாம். ராய்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறான், மிதவையை எறிந்திருக்கிறான். இரண்டாவது தடவை ஹாய்ட் வரவில்லை.

"போன் என் வீட்ல இருந்துச்சு. என் துறைக்கு ஓட்டிக்கிட்டு வந்தேன். ஏறி உள்ள போயி போன கையில எடுத்தேன். என்ன சொல்றதுன்னு நின்னேன். ஏரி மூடியிருக்கு, ரெண்டு பேரு பேரும் போயிடும்னு நின்னேன். படகக் கட்டல போல. காத்து கொண்டுபோயிடுச்சு. அப்புறம் பாத்தா அணைப் பக்கம் யாரோ பாத்துட்டு, ஊரே ஓடுது. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"படகு கெடச்ச எடத்துலயே ஒரு மாசம் தேடினாங்களே. நீயும் கயித்தப் புடிச்சிக்கிட்டு அவங்களோட தேடினியே!"

"தேடினேன்" என்றான்.

"பொம்மைய எப்ப அழிச்சே?"

"துறைக்கு வந்ததுமே. போன எடுக்கறதுக்கு முன்னாடி."

அதைக் கேட்டபிறகுதான் கை ஓங்கினேன். படகு ஆடியது, உட்கார்ந்துவிட்டேன். "'நான் வேண்டாம்னு சொன்னேன், அவன் கேக்கல'ன்னு அத்தன பேரு முன்னாடி சொன்னியேடா. என் வீட்ல வந்து கடல உரிச்சியே" என்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை. நான் ஓவென்று அழுதேன். பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் மிதவையை அந்த இடத்தில் எறிந்துவிட்டு, ஷெரிப் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன்.

சாயங்காலத்துக்குள் ஹாய்டை மேலே கொண்டுவந்தார்கள். பூட்ஸ் அடித்தரையில் கிடந்த ஒரு பழைய வேலிக் கம்பியில் சிக்கியிருந்ததாம். "தண்ணி எவ்வளவு சூடானாலும் இவரு தானா வந்திருக்கமாட்டாரும்மா" என்றார் அந்த முக்குளிக்கும் ஆள். துணை ஷெரிப் திரையைக் கேட்டார். நான் போட்டுக் காட்டினேன். பழைய பொம்மைகள் எல்லாம் இருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதியில் ஒன்றுமில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ராய்ஸின் வாக்குமூலமே போதும் என்று போய்விட்டார். ராய்ஸை விசாரித்துவிட்டு, ஊரைவிட்டுப் போகாதே என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளப்பில் அவன் பெயரை அடித்தார்கள்.

அடக்கம் திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. போட்டிக்கு வருகிறாயா என்று டெல்மர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஹாய்டின் படகு இந்தத் தடவையாவது நேர்மையாக வரிசையில் நிற்கட்டும் என்றேன். மூடிய ஏரியில் இறங்கியவன்தான் என் தம்பி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தனியாக இறங்கவில்லை என்று ஊர் தெரிந்துகொண்டது.

சனிக்கிழமை விடியலில் நூறு படகுகளும் எஞ்சினை உறுமவிட்டு, சிவப்பும் பச்சையுமாக விளக்குப் போட்டு நின்றன. டெல்மர் மைக்கில் ஜெபம் சொன்னார். ஹாய்டுக்காக எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். கூட்டாளி இல்லாமல் தனியாக வரிசையில் மெல்ல நகர்ந்தேன்.

திரை நீளமாகக் கத்தியது.

என் கைகள் இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தன. புதுப் பொம்மை. தொட்டேன். இன்றைய தேதி, இந்த நிமிஷம். இடம், எதிர்க்கரையில் ராய்ஸின் படகுத்துறை.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையை அணைக்கவும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை வைத்தேன். ஒரு மாதம் என் தம்பியைச் சேற்றில் கிடத்திவிட்டு, என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாப்பிட்டவன். மிஷின் பழசு, கம்பிக்குள் ஈரம், எனக்கு எதுவும் தெரியாது என்று நானும் சொல்லலாம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னால் ஊர் நம்பும்.

அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

விரலை எடுத்தேன். எஞ்சினின் பாதுகாப்புக் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, வரிசையைவிட்டு வெளியே திருப்பி, அறுபது மைலையும் கொடுத்தேன். பின்னால் மைக் கத்தியது: "வெர்னா! வரிசைய விட்டா போட்டியில இல்ல! வெர்னா!"

துறையின் கடைசிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அவன் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான். தாடைவரை தண்ணீர். உதடு நீலம். கனத்த உடுப்பு அவனைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. விழுந்தானா, இறங்கினானா தெரியாது. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. எஞ்சினை அணைத்தேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, வாய் தன் பாட்டுக்குக் கத்தியது.

"யாருடா விழுந்தது?"

"நான்தான், வந்து தூக்குங்க!"

துறை முழுக்கக் கேட்டது, சிரித்துக்கொண்டே சொல்கிற அந்தக் குரல். ராய்ஸுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. அவன் வாய் திறக்கவே இல்லை. அவனுக்கும் கேட்டது என்பது அவன் கண்ணில் தெரிந்தது.

குனிந்து, அவன் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன்.